குடியாத்தத்துக் கேள்வியோடு மாநாட்டுக்குப் போவது எப்படி

காட்பாடிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். பிறரோடு பேசுவதும் பழகுவதும் வேறு விதமாக அமையும் வளர்ச்சி நிலையான ஆட்டிசம் பற்றிய அனைத்துலக மாநாடுகளுக்கு இரண்டு முறை மாணவிகளை அழைத்துப் போய் வந்திருக்கிறேன். ஆரணியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் இளைய ஆசிரியர்கள் சிலர், "நாங்களும் போக வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

விசாவையும் பணத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் முதல் பயணத்தில் அதைச் செய்யத் தவறினோம். பெற்றோரின் மன அழுத்தம் பற்றி ஒரு வினாத்தாள் கொடுத்து, நிரப்பி வாங்கி, அட்டவணை போட்டு, ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டும் போஸ்டராக்கி எடுத்துப் போனோம். போஸ்டர் முன்னால் நின்ற ஒரு மூத்த ஆய்வாளர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இந்தப் பெற்றோர் உங்களிடம் என்ன கேட்டார்கள்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் அவர்களிடம் நாற்பது கேள்விகள் கேட்டிருந்தோம். அவர்கள் ஒன்றைக் கேட்கவும் இடம் கொடுக்கவில்லை. அன்று இரவு விடுதி அறையில் மாணவிகளில் ஒருத்தி அழுதாள். எனக்கும் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது முறை, போவதற்கு முந்தைய ஆறு மாதமும் சனிக்கிழமைதோறும் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனோம். எதையும் அளக்கவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்தோம், வெளியே காத்திருந்த அம்மாக்களோடு பேசினோம். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பெண், வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்பவர், மூன்றாவது சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "கண்ணைப் பார்க்காவிட்டால் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பச் சொல்லி ஓர் இடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிடித்தால் அவன் அழுகிறான். நான் பிடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். நீங்களும் இப்படி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அவரவர் சொன்ன சொற்களிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். முந்நூறு அமர்வுகள் உள்ள நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கித் திகைத்து நிற்கும்போது, எந்த அறைக்குள் நுழைவது என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும்.

வெளியூர் போவதற்கு முன் நம் ஊரில் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலூர் பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மனநல மையத்தில், குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை 1950களிலேயே தொடங்கியது. அங்குள்ள நம்பிக்கை நிலையம் குழந்தைகளுக்கானது. பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் 1, 2ஆம் எண் பஸ்களில் வங்காள மொழி கேட்காத நாள் இல்லை. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் குடும்பங்கள் அவை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வேலூர் என்றதும் இதைத்தான் விசாரிக்கிறார்கள். பார்வையிட விரும்பினால் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள்.

எந்த மாநாடு, யார் போவது

ஆய்வாளர்கள் அதிகம் கூடுவது அனைத்துலக ஆட்டிச ஆய்வுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். இன்சார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2024இல் மெல்போர்னிலும் 2025இல் சியாட்டிலிலும் நடந்தது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். நம் கல்லூரிகளில் அது பருவத் தேர்வுக் காலம் என்பதால் தேர்வு அட்டவணையை முன்பே பார்த்துவிடுங்கள். ஆட்டிசம்-ஐரோப்பா அமைப்பின் மாநாடு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும்; 2022இல் கிராகோவ், 2025இல் டப்ளின். அங்கே ஆட்டிசம் உள்ளவர்களும் பெற்றோரும் ஆய்வாளர்களுக்குச் சமமாக மேடையில் இருப்பார்கள். முதல் முறை போகும் மாணவிகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது வகையை. மூளை அலைகளையும் மரபணுக்களையும் பற்றிய அமர்வில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, ஆட்டிசம் உள்ள ஒருவர் தன் பள்ளிக் காலத்தைச் சொல்லிக் கேட்பது இருபது வயதில் ஆழமாகப் பதியும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் மின்னஞ்சலுக்கு வாரம் ஒரு முறையாவது, "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று விளித்து, உளவியலும் பல் மருத்துவமும் பயிர்த் தொழிலும் ஒரே மேடையில் நடக்கும் மாநாட்டுக்கு அழைப்பு வரும். கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் வரும். அவர்கள் குறிவைப்பது உங்கள் பதிவுக் கட்டணத்தை. நடத்துவது எந்தச் சங்கம், சென்ற ஆண்டுக் கட்டுரைச் சுருக்கங்கள் எங்கே கிடைக்கின்றன, தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் ஆய்வுகளை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் விலகிவிடுங்கள்.

யாரை அழைத்துப் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நன்றாக ஆங்கிலம் பேசும் மாணவியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சனிக்கிழமைகளில் விடாமல் வந்தவளைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் அழைத்துப்போன ஒரு மாணவி, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண், தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களுக்கு மேல் அவளால் தொடர்ச்சியாகப் பேச முடியாது. ஆனால் பேசாத ஒரு சிறுவன் எப்போது தண்ணீர் கேட்கிறான், எப்போது வெளியே போக நினைக்கிறான் என்று அவன் விரல்களைப் பார்த்தே சொல்வாள். அவள் போஸ்டர் முன்தான் அதிகம் பேர் நின்றார்கள்.

அவளுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி எளியது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் உரை ஒன்றை எழுதி, கல்லூரித் தாழ்வாரத்தில் பிற துறை மாணவிகளை நிறுத்தி, ஒரு மாதம் தினமும் சொல்ல வைத்தோம். கேள்வி புரியாவிட்டால் "மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கவும் பழக்கினோம். புரியாமல் தலையாட்டுவதுதான் பெரிய ஆபத்து.

ஒப்புதலும் கட்டுரைச் சுருக்கமும்

ஆய்வில் பங்கேற்பவர்களின் நலன் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் தகவலையும் திரட்டாதீர்கள். கல்லூரியில் குழு இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் குழுவை அணுகுங்கள், மாதங்கள் ஆகும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் பெற வேண்டும். 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். பேசாத பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனால் அதுவும் மறுப்புதான். பெற்றோரே சம்மதித்தாலும் பிள்ளையின் புகைப்படத்தை நான் போஸ்டரில் போட விடுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் 25 வயதாகும்.

தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கட்டுரைச் சுருக்கத்துக்கான கடைசி நாள் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அதில் ஆட்டிசத்தை அளக்க எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்தியாவில் மாற்றுத்திறன் சான்றிதழுக்குப் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோல். அதில் 40 கூறுகள். 70 மதிப்பெண் முதல் ஆட்டிசம் என்று கணக்கிடுகிறார்கள். அயல்நாட்டவருக்கு இது பழக்கமில்லாதது, ஒரு வரியில் விளக்குங்கள். இன்னொன்றையும் மாணவிகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: முதுகலை படிப்பவர் ஒரு பிள்ளையைப் பார்த்து "இவனுக்கு ஆட்டிசம்" என்று சொல்லவோ எழுதவோ கூடாது. அது பயிற்சி பெற்ற மருத்துவர்களும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த உளவியலாளர்களும் செய்யும் வேலை.

போவதற்கு முன் மாணவிகள் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்து, 2016இல் வெளியானது. பாஸ் ஆய்வு என்பார்கள். சிறப்பு மருத்துவர்கள் அல்லாத நலப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை எதைக் கவனிக்கிறதோ அதைப் பெற்றோரும் பின்தொடர்ந்து பேசினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது, பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. நல்லதையும் ஏமாற்றத்தையும் சேர்த்தே சொல்லப் பழக்குங்கள். குறைந்த பணத்தில், நம்மைப் போன்ற ஊர்களில் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பணம், தாள், விசா

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு நிதியுதவி தருகிறது. ஏற்புக் கடிதம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். பல சங்கங்கள் குறைந்த வருவாய் நாடுகளுக்கும் மாணவர்களுக்கும் கட்டணத்தைக் குறைக்கின்றன, பயண உதவியும் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும். அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தடையின்மைச் சான்று வேண்டும், அந்தக் கோப்பு நகர நாளாகும்.

மாணவிகளில் பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு முதலெழுத்து என்றிருக்கும். ஓராண்டுக்கு முன்பே திருத்துங்கள். ஐரோப்பாவின் செங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்கச் சென்னை போக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். மாணவியின் தந்தைக்கு வங்கிக் கணக்கில் பெரிய தொகை இருக்காது. கல்லூரியே செலவை ஏற்கிறது என்ற கடிதத்தை முதல்வரிடம் வாங்கி இணையுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

போஸ்டரை நம் ஊர்க் கடையில் பளபளக்கும் பிளக்ஸில் அடிக்காதீர்கள். மாநாட்டு அறையின் விளக்கு பட்டு எழுத்து தெரியாது. அதன் வாடையும் மை வாடையும் பலருக்கு ஆகாது. துணியில் அடித்தால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். அளவு பெரும்பாலும் 841க்கு 1189 மில்லிமீட்டர், ஆனால் நெடுக்கா படுக்கையா என்பதை அறிவிப்பில் பாருங்கள். ஆற்காடு மக்கன் பேடாவை அன்பளிப்பாக எடுத்துப்போக நினைத்தோம். பால்கோவா சேர்ந்தது, வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கடலை உருண்டை போனது, எல்லாருக்கும் பிடித்தது.

சொற்களும் சத்தங்களும்

ஆட்டிசத்துக்கு அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்" என்று ஒரு பெயர் புழங்குகிறது. இதை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. மழை வருவதற்கு முன்பே காற்றின் மாற்றத்தை உணர்ந்து காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆட்டிசம் என்ற சொல்லே போதும். "ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்" என்பதையும் விடுங்கள். ஆங்கிலத்தில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் "ஆட்டிஸ்டிக் நபர்" என்று அழைக்கப்படவே விரும்புகிறார்கள். சிலர் வேறு விதமாக. எதிரில் இருப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

1993இல் டொரண்டோவில் நடந்த அனைத்துலக ஆட்டிச மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரிடம் பேசினார். மாநாட்டு மேடையில் யார் பேசலாம் என்பதே அதன் பிறகு மாறத் தொடங்கியது. 2012இல் டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் பிடிபடாதது போல, மற்றவருக்கும் அவர் மனம் பிடிபடுவதில்லை. இந்த இரண்டையும் மாணவிகளோடு தமிழில் பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள். விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

உடை, வாசனை பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பல மாநாடுகளில் அமைதி அறை ஒன்று இருக்கும். வெளிச்சம் குறைவு, பேச்சு கூடாது. எங்கள் மாணவி ஒருத்தி ஓய்வெடுக்க அங்கே நுழைந்தாள். அவள் கொலுசின் சத்தத்துக்கு மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இரண்டு கைகளாலும் காதை மூடிக்கொண்டார். அவள் அங்கேயே கொலுசைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். அந்த அறை அது தேவைப்படுபவர்களுக்கானது. களைப்பாக இருந்தால் வெளியே பூங்காவுக்குப் போங்கள். கண்ணாடி வளையல், கொலுசு, செண்ட், வாசனைப் பவுடர், மல்லிகைத் தைலம் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சில இடங்களில் நிற அட்டை அணிந்திருப்பார்கள்: பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முன்பே தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் அவராக அழைக்கும் வரை நெருங்க வேண்டாம். கைதட்டலுக்குப் பதில் கைகளை உயர்த்தி அசைப்பதும் உண்டு. தொட்டுப் பேசும் நம் பழக்கத்தை அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் போகாதீர்கள். மாலையில் அனைவரும் ஓர் அறையில் கூடி, கேட்டதை ஆளுக்கு ஐந்து நிமிடம் தமிழில் சொல்லுங்கள். தமிழில் சொல்ல வரவில்லையென்றால் அது இன்னும் புரியவில்லை என்று பொருள். மறுநாள் அந்தப் பேச்சாளரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். எங்கள் அணைக்கட்டு மாணவி, மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில், பச்சை அட்டை அணிந்திருந்த ஒரு பேச்சாளரிடம் போய்க் குடியாத்தத்துக் கேள்வியைத் தன் நான்கு வாக்கியங்களில் கேட்டாள். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணைப் பார்த்தால் எனக்குக் காது கேட்பதில்லை. காது கேட்க வேண்டுமானால் நான் சுவரைப் பார்க்க வேண்டும்." அவள் அதை நோட்டில் முதல் பக்கத்திலேயே, கேள்விக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

திரும்பிய பிறகு

வந்து இரண்டு வாரத்துக்குள் பெற்றோரைக் கூட்டுங்கள். கல்லூரிக் கருத்தரங்கு அடுத்த மாதம் நடக்கட்டும். கணினித் திரை வேண்டாம், பாயை விரியுங்கள். பெற்றோர் கேட்பது பெரும்பாலும் சிகிச்சை பற்றியே இருக்கும். ஸ்டெம்செல் என்னும் குருத்தணுச் சிகிச்சை பற்றி யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள், நகையை அடகு வைக்கத் தயாராக இருப்பார்கள். நாட்டின் 2017 ஸ்டெம்செல் ஆய்வு நெறிமுறைகள் ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பவையும் பலருக்குத் தெரியாது. மாநாட்டில் கேட்டதோடு இவற்றையும் எழுதி, ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

குடியாத்தத்து அம்மாவிடம் மாணவியே பேசினாள். சுவரைப் பார்ப்பவர் சொன்னதைச் சொன்னாள். அது ஒருவருடைய அனுபவம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கோவாவில் பெற்றோர் செய்ததையும் விளக்கிவிட்டு, பையன் அருகில் உட்கார்ந்து காட்டினாள். அவன் காலித் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்து, "இன்னொன்று... இன்னொன்று..." என்றாள். ஐந்தாவது பெட்டியை அவன் அவள் கையில் வைத்தான். அம்மா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போது தாடையைப் பிடிக்க வேண்டாம்" என்றார், கேள்வியாக இல்லாமல்.

கூட்டத்தை நான்கு மணிக்கு முடித்துவிடுங்கள். அதற்கு மேல் குடியாத்தம் பஸ்ஸில் கூட்டம் ஏறிவிடும், அந்த நெரிசலும் சத்தமும் பிள்ளைகளுக்கு ஆகாது.